டூம் பாட்டின் வால்

முதலில் வாயைத் திறந்தது ஜட்ஜ்தான்.

"சரி, இதுக்கு எட்டு மார்க் குடுக்கலாம்," என்றார். "கடைசியில டிரம் நின்ன இடம் நல்லாருந்துச்சு. முடிஞ்சா அப்படி முடியணும்."

மற்ற மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மச்சான், மனைவியின் தம்பி, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை விழுங்குகிறார் என்று தோள் குலுங்குவதிலேயே தெரிந்தது. மகள் மடியில் கிடந்த டிரம் குச்சிகளை இறுக்கிப் பிடித்தாள். மனைவி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"என்ன, எல்லாரும் ஊமையாயிட்டீங்க? எட்டு அதிகமா?"

அதற்கும் பதில் இல்லை. ஏனென்றால் பாட்டு இன்னும் முடியவில்லை.

பாட்டு முடிவதற்குள் பேசினால் அந்த வருடத்து ஓட்டு போய்விடும். இது அந்த வீட்டுச் சட்டம். சட்டத்தைப் போட்டதே ஜட்ஜ்தான். வருடத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டின் பின்பக்கத்து ரெக்கார்டிங் அறையில் நாலு பேரும் உட்கார்ந்து, ஹெவி மெட்டல் பாட்டுகளில் எது பெரிய பாட்டு என்று வரிசை போடுவார்கள். அதற்குத் தலைமை தாங்கித் தாங்கியே அவருக்கு ஜட்ஜ் என்ற பேர் வந்தது. சொந்தப் பேரைச் சொன்னால் தபால்காரருக்கே யோசிக்க வேண்டியிருக்கும்.

வெளியே நிற்கிறவர்களுக்கு ஹெவி மெட்டல் என்றால் எல்லாம் ஒரே இரைச்சல். உள்ளே போனால்தான் தெரியும், அது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம், அதுவும் அண்ணன் தம்பிகள் முகம் கொடுத்துப் பேசாத குடும்பம். த்ராஷ் என்பது பிரேக் பிடிக்காத லாரி. டெத் மெட்டல் கிணற்றுக்குள் விழுந்த கரடி. பவர் மெட்டல்காரன் குதிரைமேல் ஏறிவிட்டால் இறங்கவே மாட்டான். பிளாக் மெட்டல் குளிர். எலும்புக்குள் போகிற குளிர். டூம் இருக்கிறதே, அது மெதுவாக நடந்து வருகிற இடி. ஒரு அடி விழுந்து அடுத்த அடி விழுவதற்குள் ஒரு போர்வையை மடித்து வைத்துவிடலாம் என்பாள் ஜட்ஜின் மனைவி. அவள் திரைச்சீலை தைக்கிறவள். அறையில் சத்தம் வெளியே போகாமல் சுவரை மூடித் தொங்கிய கனத்த திரைகள் எல்லாம் அவள் தைத்தவை.

ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பாட்டு. அப்புறம் அந்த ஐந்தையும் ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். ஆமையையும் முயலையும் ஓடவிட்டால் யார் ஜெயித்தார் என்று சொல்லலாம், எது அழகு என்று எப்படிச் சொல்வது என்று சண்டை வரும். அந்தச் சண்டைக்காகத்தான் கூடுவதே. பேரைப் பார்த்து மார்க் போடக் கூடாது என்பதால் கம்ப்யூட்டர் திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். எந்தப் பாட்டு முதலில் வரும் என்பது கம்ப்யூட்டரின் இஷ்டம். காது ஒன்றுதான் சாட்சி.

பேசக் கூடாது என்ற சட்டம் மச்சானால் வந்தது. முன்பு ஒருமுறை ஒரு டூம் பாட்டு கடைசி மூச்சு விடும்போது அவர், "முடிஞ்சுதா, இன்னும் இழுத்துட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டார். "பாட்டுக்கு உயிர் இருக்கு மச்சான். உயிர் போறதுக்கு முன்னாடி பாடை கட்டாதே," என்று சொல்லி, ஜட்ஜ் அன்றைக்கே அவர் ஓட்டைப் பிடுங்கிவிட்டார். அன்றுமுதல் மச்சான் காத்திருந்தார், என்றைக்காவது அத்தான் மாட்டுவார் என்று. அத்தான் மாட்டியதே இல்லை. எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் ஜட்ஜ் மட்டும் விரலை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கோ ஒரு சிம்பல், டிரம்மோடு மாட்டிய பித்தளைத் தட்டு, இன்னும் முனகிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவர்தான் இன்றைக்கு முந்திக்கொண்டார்.

பாட்டு நிஜமாகவே அடங்கியதும் மச்சான் கையை எடுத்தார்.

"அத்தான் அவுட்."

"எதுக்கு?"

"பாட்டு ஓடிட்டிருக்கும்போதே பேசிட்டீங்க. பாடை கட்டிட்டீங்க. ஓட்டு போச்சு."

"முடிஞ்சப்புறம்தானே பேசினேன்."

"எங்க முடிஞ்சுது? கிட்டார் விசிலடிச்சிட்டே இருந்துச்சு. இதோ இப்பத்தான் கண்ணை மூடிச்சு."

"டூம்ல ஏது விசில்? உன் லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவன் எவனாவது அடிச்சிருப்பான்."

"ஏங்க," என்றாள் மனைவி, "தோத்துட்டா தோத்துட்டேன்னு சொல்லிட்டுப் போங்களேன். அவன் எத்தனை வருஷமா இதுக்குக் காத்துட்டிருக்கான்."

"நீயும் அவன் பக்கமா? கேளு. டிரம் நின்னுது. பேஸ் கிட்டார் இறங்கிப் போச்சு. அப்புறம் நிசப்தம். நல்ல நிசப்தம். அதை முழுசா கேட்டுட்டுத்தான் வாயைத் திறந்தேன்."

"நிசப்தம் இல்லப்பா," என்றாள் மகள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"சரி. கடைசிப் பகுதியை மட்டும் திருப்பிப் போடு. கோர்ட்டுல சாட்சியைத் திரும்பக் கூப்பிட வழியிருக்கு."

மகள் துண்டுக்கு அடியில் கையை விட்டுத் திருப்பிப் போட்டாள். ஜட்ஜ் கண்ணை மூடிக்கொண்டார். டிரம் கடைசி அடி அடித்தது. பேஸ் கிட்டார் தண்ணீரில் கல் இறங்குவதுபோல இறங்கியது.

"இங்க," என்று விரலை உயர்த்தினார். "இதோ, முடிஞ்சுது."

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை அவர் தோள் குலுங்கவில்லை.

மகள் திரைமேல் இருந்த துண்டை இழுத்தாள்.

ஜட்ஜ் கண்ணைத் திறந்தார். சத்தத்தின் அளவைக் காட்டுகிற இரண்டு பச்சைத் தூண்கள் திரையில் இருந்தன. சத்தம் இல்லாவிட்டால் அவை தரையோடு படுத்துவிடும். இப்போது படுக்கவில்லை. பாதி உயரத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தன. அறையில் அவருக்கு ஒரு சத்தமும் இல்லை. தூண்கள் மட்டும் ஆடின.

"மேல் ஸ்பீக்கர் போச்சு," என்றார் உடனே.

பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்கு இரண்டு வாய். கீழே இருக்கிற பெரிய வாய் இடிக்கு. மேலே இருக்கிற சின்ன வாய் விசிலுக்கும் சிம்பலுக்கும். சின்ன வாய்தான் செத்துவிட்டது என்று அவர் தீர்மானித்துவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். ஒயரைக் கழற்றினார், இடம் மாற்றினார், திருகினார். ஒலிப்பதிவுத் தொழிலில் முப்பது வருடத்துக் கை. குனிந்த வேகத்திலேயே வேலை முடிந்துவிட்டது. அப்புறம் சின்ன வாயின்மேல் காதை ஒட்டவைத்துக்கொண்டு, "போடு," என்றார்.

மகள் போட்டாள்.

"பாத்தியா, செத்துப் போச்சு. சொன்னேன்ல. மச்சான், உனக்கு ஏதாவது கேக்குதா?"

மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை.

"சொல்லு மச்சான்."

"கேக்குது அத்தான்."

"இந்தப் பெட்டியிலயா?"

"அதுலயும்தான்."

ஜட்ஜ் காதை எடுத்துவிட்டு அந்தச் சின்ன வாயை உற்றுப் பார்த்தார், அது அவரைத் திட்டியதுபோல. ஆணியில் தொங்கிய ஹெட்ஃபோனை எடுத்து மாட்டினார். கழற்றினார். இடது வலது மாற்றி மாட்டினார். பிறகு அதைக் கொண்டுபோய் மனைவியின் தலையில் வைத்தார்.

"என்ன கேக்குது?"

"மெல்லிசா ஒரு சத்தம். தையல் மெஷினுக்கு எண்ணெய் போடலைன்னா சக்கரத்துல கீச்சுன்னு வருமே, அது மாதிரி. நூல் மாதிரி."

"எவ்வளவு நேரம் வருது?"

"டிரம் நின்னப்புறமா? ஒரு ஓரம் மடிச்சுத் தைக்கிற நேரம்."

"ஜன்னல் திரையா, வாசல் திரையா?"

"வாசல்."

வேறு நாளாக இருந்தால் மச்சான் இதற்குச் சிரித்திருப்பார். ஜட்ஜ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வாசல் திரையின் ஓரம் எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியும். அவ்வளவு நீளத்துக்கு ஒரு பாட்டு அவர் முகத்துக்கு எதிரே நடந்து போயிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை.

மனைவி ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகம் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"ஏங்க. வாஷிங் மெஷின் முடிஞ்சதும் கத்துமே, அது உங்களுக்குக் கேக்குமா?"

"அது கத்துமா?"

அவள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருப்பீங்க. அது கத்திக் கத்தி ஓயும். துணி உள்ளயே கிடந்து நாறும். வேணும்னே எழுந்திருக்க மாட்டேங்கறீங்கன்னுதான்..." அவள் நிறுத்திக்கொண்டாள். "போன வாரம் பூரா நான் உங்களோட பேசல. அதுக்குத்தான்."

"அதுக்கா? நான் வேற என்னமோன்னு நினைச்சேன்." அவர் நிஜமாகவே திகைத்துப்போயிருந்தார். "நல்ல மெஷின், முடிஞ்சா சத்தம் காட்டாம நிக்குதுன்னு கடைக்காரர்கிட்டகூடச் சொன்னேனே. அவர் ஒரு மாதிரி பாத்தாரு."

"வாசல் பெல்லு?"

"அது ரிப்பேர்தானே?"

"இல்லைங்க."

"எப்பவாவது சரி பண்ணணும்னு ஸ்க்ரூ டிரைவர்கூட எடுத்து வெச்சிருக்கேன்."

"அது நல்லாத்தாங்க இருக்கு."

மச்சானால் இதற்குமேல் தாங்க முடியவில்லை. "அக்கா, உன் குரல் கேக்காம போனா அதுக்குப் பேரு வியாதி இல்ல, வரம்," என்றார். சொல்லி முடிப்பதற்குள்ளேயே ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது அவருக்கு.

"அவ குரல் கேக்குது மச்சான். பேச்செல்லாம் கேக்குது. ஆனா கொஞ்ச காலமா எல்லாரும் வாய்க்குள்ள பஞ்சை வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கும். இந்தக் காலத்துல இப்படித்தான் பேசறாங்கபோலன்னு விட்டுட்டேன்."

அவர் கை தானாகப் போய், திரையின் ஓரத்தில் தெரிந்த பாட்டு வரிசையைத் தொட்டது. அடுத்து வர வேண்டியது பிளாக் மெட்டல் பாட்டு. அதற்கு வீட்டில் வைத்த பேர் பனிக்கத்தி. பக்கத்துத் தெருப் பையன்கள் சிலர் சேர்ந்து பாடியது, மிக்ஸிங் ஜட்ஜுடையது. தனித்தனியாகப் பதிவான டிரம், கிட்டார், குரல் எல்லாவற்றையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்ப்பதுதான் மிக்ஸிங். அதுதான் அவர் பிழைப்பு. பனிக்கத்தி வெளியானபோது கேட்டவர்கள் எல்லாம் ஆடிப்போனார்கள். இப்படி ஒரு குளிரை யாரும் பிடித்ததில்லை என்றார்கள். அதற்குப் பிறகு அவரைத் தேடி எங்கெங்கிருந்தோ பையன்கள் வந்தார்கள், எங்களுக்கும் அதே கத்தி வேண்டும் என்று.

"மச்சான். பனிக்கத்தி எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லு."

"அத்தான், அதுக்கு நான் போன வருஷம் முதல் இடம் குடுத்தேன். டெத் மெட்டலை விட்டுட்டு நான் வேற எதுக்குக் குடுத்திருக்கேன்?"

"எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்."

"காதைக் கிழிச்சுது. ரத்தம் வரலை, அவ்வளவுதான். அதுதானே அழகு? எவனும் சிம்பலை அந்த அளவுக்கு ஏத்த மாட்டான். உங்க தைரியத்துக்குப் போட்ட மார்க் அது."

"எனக்குக் கிழிக்கலையே," என்றார் ஜட்ஜ். "எனக்குச் சாதாரணமா இருந்துச்சு. சிம்பல் ஏன் இப்படி மங்கலா இருக்குன்னு ஏத்தினேன். அப்பவும் மங்கல். இன்னும் கொஞ்சம் ஏத்தினேன். பையன்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. பிடிச்சிருக்குபோலன்னு நினைச்சேன்." அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தைரியம் இல்ல மச்சான். செவிடு."

அந்த வார்த்தை அதுவரை அந்த அறைக்குள் வரவில்லை. வந்ததும் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மச்சான் திரைச்சீலையைப் பார்த்தார். மனைவி ஹெட்ஃபோன் ஒயரை விரலில் சுற்றினாள்.

ஜட்ஜ் மகளைப் பார்த்தார்.

அவள் பகலில் பல் டாக்டரிடம் உதவியாளர். மற்ற நேரமெல்லாம் டிரம். அவள் வாசிக்கிற குழுவின் முதல் ஆல்பம் நாளைக் காலையில் அச்சுக்குப் போகிறது. அச்சான இசைத்தட்டை மறுபடி திருத்த முடியாது. அதில் இருந்த பாட்டு எல்லாவற்றுக்கும் மிக்ஸிங் செய்தது அவர்தான். வேறு யார் கையிலும் விடமாட்டேன் என்று அவளே சொல்லியிருந்தாள்.

"பாப்பா. உன் ஆல்பம்?"

"நல்லாருக்குப்பா."

"உன் சிம்பல் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான்..."

"பாப்பா, நீ அடிச்சது. உனக்குத் தெரியாம இருக்காது."

அவள் குச்சிகளைத் தரையில் வைத்தாள். நேராக வைத்தாள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக.

"ரெண்டாவது பாட்டுல நான் சிம்பலை அடிக்கவே இல்லப்பா. குச்சி நுனியால தடவத்தான் செஞ்சேன். நீங்க மிக்ஸ் பண்ணிக் குடுத்ததைக் கேட்டப்ப, பாத்திர அலமாரி சரிஞ்சு விழற மாதிரி இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"உங்களுக்கா? நான் சின்ன வயசுல ஒரு அடி தப்பா அடிச்சா மாடியில தூங்கிட்டிருந்தாலும் எழுந்து வருவீங்களே. உங்க காது தப்பா சொல்லும்னு எப்படி நினைப்பேன்? என் காதுலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். பல் கிளினிக்குக்குப் பக்கத்துலயே காது டாக்டர் இருக்காரு. அவர்கிட்ட போய்க் காட்டிட்டு வந்தேன்."

"எப்போ?" என்றாள் அம்மா.

"போன வாரம்."

"என்ன சொன்னாரு?" என்றார் ஜட்ஜ்.

"என் காது நல்லாருக்காம்ப்பா."

ஜட்ஜ் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தன் காது கேட்காமல் போனதுகூட அவரை இப்படி அறையவில்லை. இவருடைய காது சொன்னதை நம்பி, இவருடைய மகள் தன் காதைக் கொண்டுபோய் டாக்டரிடம் நீட்டியிருக்கிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும், வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கவில்லை.

"உன் குழுவுல இருக்கறவங்க?"

"அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. பனிக்கத்தி மாதிரியே இருக்குன்னாங்க. எனக்குத்தான்..." அவள் நிறுத்தினாள். "அச்சுக்கு அனுப்பறதைத் தள்ளிப் போட்டுடலாம்ப்பா. வேற ஸ்டுடியோவுல யார்கிட்டயாவது..."

அந்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை. அவரும் முடிக்கச் சொல்லவில்லை. எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. ரெண்டாவது பாட்டைத் திற."

"அப்பா, இப்ப வேணாம்ப்பா."

"நாளைக்குக் காலையில போகுது. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். மேஜையில் வரிசையாக இருந்த, மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்களில் சிம்பலுடைய குமிழின்மேல் அவள் கையைத் தூக்கி வைத்தார். அது மற்ற எல்லாவற்றையும்விட ஒரு விரல்கடை மேலே நின்றது. இத்தனை நாள் அது அவர் கண்ணில் படாமல் இல்லை. காது சொல்கிறது, கண்ணை நம்பாதே என்பதுதான் அவர் தொழிலில் முதல் பாடம்.

"இறக்கு."

பாட்டு ஓடியது. அவள் கொஞ்சம் இறக்கினாள். அவர் காதில் சிம்பல் பழைய துணிபோல வெளிறியது.

"இப்ப?"

"இன்னும் அதிகம்ப்பா."

"இறக்கு."

துணி கிழிந்து நூலாயிற்று. நூலும் போயிற்று. தோல் வாத்தியம் மட்டும் தனியாக அடித்தது, சாமான்களை ஏற்றிப் போன பிறகு வெறும் வீட்டில் யாரோ நடப்பதுபோல.

"எனக்குப் போயிடுச்சு," என்றார். "உனக்கு?"

அவள் கை நின்றுவிட்டது. திரும்பி அவரைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதே. பாட்டைக் கேளு. உனக்கு எப்படி இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் இறக்கணும்."

"இறக்கு."

அவள் இறக்கினாள். அவருக்கு எதுவும் மாறவில்லை. மாற இனி எதுவும் இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அவர் கைமேல் மனைவி வந்து கை வைத்தாள்.

"இங்கப்பா," என்றாள் மகள். குரலில் சந்தேகம் இல்லை. "இங்கதான். நான் இப்படித்தான் அடிச்சேன்."

"அங்கயே விடு. மத்த பாட்டையும் நீயே இறக்கிடு. நாளைக்கு இதுதான் போகணும்."

"உங்களுக்கு எதுவுமே கேக்காதேப்பா."

"ஆல்பம் எனக்காகவா அடிக்கறாங்க?"

மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "வரிசையெல்லாம் இன்னொரு நாள் போட்டுக்கலாம் அத்தான். நாளைக்கு முதல் வேலையா நான் வண்டி எடுத்துட்டு வர்றேன். பாப்பா சொன்ன டாக்டர்கிட்டயே போயிடலாம்."

"வா. வந்து பெல் அடிக்காதே, கதவைத் தட்டு. இப்ப உக்காரு. டூம் பாட்டுக்கு இன்னும் மார்க் வரலையே."

"உங்களுக்குத்தான் ஓட்டு போச்சே."

"போச்சு. சட்டம் சட்டம்தான். ஓட்டு இல்லாதவன் கேக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு? முதல்லேருந்து போடு பாப்பா."

டூம் பாட்டு முதலிலிருந்து வந்தது. இடி மெதுவாக நடந்து வந்து அறையின் நடுவில் உட்கார்ந்தது. நாலு பேரும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து டிரம் கடைசி அடி அடித்தது. பேஸ் கிட்டார் இறங்கி இறங்கி அடியில் போய்ச் சேர்ந்தது. ஜட்ஜுக்குப் பாட்டு முடிந்துவிட்டது.

அவர் வாயைத் திறக்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

அவள் ஒரு விரலை உயர்த்தினாள். பிறகு, ஓரம் தைக்கும்போது துணிக்கு முன்னால் விரல் போகுமே, அதுபோலக் காற்றில் ஒரு கோட்டை மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். அவர் கண் அந்த விரலைவிட்டு நகரவில்லை. விரல் போயிற்று, போயிற்று, வாசல் திரையின் நீளம் போயிற்று. பிறகு நின்றது. அவள் கையைக் கீழே இறக்கினாள்.

அவர் இன்னும் கொஞ்சம் பொறுத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

"ஒம்பது," என்றார். "அந்த வாலையும் சேர்த்தா ஒம்பது. ஓட்டு இல்ல, சும்மா சொல்லி வைக்கிறேன்."